மிஹோனோசெகிக்குப் போனால் ஒரு இரவாவது தங்குங்கள்

ஜப்பானில் கூட்டம் இல்லாத, மீன்பிடி ஊருக்குள்ளேயே இருக்கிற ஒரு பழைய ஷின்டோ கோவிலைச் சொல்லுங்கள், அரை நாளில் பார்த்துவிட முடியுமா, உள்ளே போனால் எப்படிக் கும்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, மிஹோ ஜின்ஜா. ஜின்ஜா என்றால் ஷின்டோ, அதாவது ஜப்பானின் பூர்வீக மதத்தின் கோவில். ஷிமானே மாகாணத்தில், மாட்சுவே நகரத்தோடு சேர்ந்த மிஹோனோசெகி என்கிற சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறது. நான் நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை நீங்கள் சொல்வது போல அரை நாள் கணக்கில்தான் போனேன். மதியம் இறங்கி, கோவிலை ஒரு சுற்று சுற்றி, சுட்ட கணவாய் ஒன்று வாங்கித் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அழகான கோவில் என்பதைத் தவிர எதுவும் மனதில் ஒட்டவில்லை. அடுத்த முறை ராத்தங்கினேன், அப்போதுதான் இது கடல் பக்கமிருந்து பார்த்தால் மட்டுமே புரிகிற கோவில் என்று தெரிந்தது. அதனால் கோவிலுக்கு முன்னால் கடலையும் அந்த நிலத்தையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானின் மேற்குக் கரையில், கொரியா பக்கம் பார்த்த கடலோரத்தில், ஷிமானே தீபகற்பம் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். மேற்குக் கோடியை ஒட்டி இசுமோ பெருங்கோவில் இருக்கிறது, கிழக்குக் கோடியில் மிஹோ. 733-ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்ட இசுமோ ஃபுதோகி என்ற நில விவர நூலில் இந்தத் தீபகற்பம் எப்படி வந்தது என்று ஒரு கதை உண்டு. இசுமோ நாடு ரொம்பச் சின்னதாக, குறுகலான துணி போல இருக்கிறதே என்று ஒரு தெய்வம் நினைத்து, கடலுக்கு அப்பால் மிச்சமாகக் கிடந்த நிலங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து ஒட்டவைத்ததாம். மிஹோ முனை வடகிழக்கே கோஷி நாட்டிலிருந்து இழுத்து வந்த துண்டு. இழுத்த கயிறுதான் இன்று யூமிகஹாமா என்கிற நீளமான மணல் திட்டு, கயிற்றைக் கட்டிய முளைதான் 1,729 மீட்டர் உயரமுள்ள தாய்சென் மலை. கேட்கும்போது வெறும் கதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் வானம் தெளிவாக இருக்கிற நாளில் மிஹோனோசெகி துறையில் நின்று எதிரே பாருங்கள், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மலை முளை மாதிரி நிற்கும், அதன் அடியிலிருந்து மணல் கரை கயிறு மாதிரியே வளைந்து உங்களை நோக்கி வரும். கதை சொன்னவன் இங்கே நின்றுதான் சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

ஊர் தெற்குப் பக்கம் பார்த்தது, முதுகுக்குப் பின்னால் மலை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பேய்க்காற்றை அந்த மலை தடுத்துவிடும். அதனால் காற்றுக்குக் காத்திருக்கும் கப்பல்களெல்லாம் பழங்காலத்திலிருந்தே இங்கே ஒதுங்கின. ஊர்ப் பெயரில் இருக்கும் ‘செகி’ என்ற சொல்லுக்குச் சுங்கச் சாவடி என்று பொருள், வருகிற போகிற கப்பல்களிடம் வரி வாங்கிய இடம்.

சரி, சாமிக்கு வருவோம். இங்கே இரண்டு தெய்வங்கள். ஒருவர் மிஹோத்சுஹிமே, மேலுலகத்திலிருந்து நெற்கதிரைக் கொண்டுவந்த பெண் தெய்வம். இன்னொருவர் கொதோஷிரோனுஷி. இந்தப் பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, ஜப்பானில் எபிசு என்றால் குழந்தைக்கும் தெரியும். கையில் தூண்டில், கக்கத்தில் நம் சங்கரா மீன் போலச் சிவந்த ஒரு மீன், முகம் நிறையச் சிரிப்பு, கடைகளிலும் படகுகளிலும் பார்த்திருப்பீர்கள். அவர்தான். மீனவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அவர் குலசாமி மாதிரி. நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேலே இருக்கிற எபிசு கோவில்களுக்குத் தலைமைக் கோவில் என்று மிஹோவைச் சொல்கிறார்கள். எபிசுவுக்கு இன்னொரு மரபும் உண்டு, ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவில் இருக்கும் நிஷினோமியாவில் ஹிருகோ என்ற வேறொரு தெய்வத்தை எபிசுவாகக் கும்பிடுகிறார்கள். இரண்டில் எது அசல் என்று அங்கே போய் வாதம் செய்ய வேண்டாம், அவரவர் ஊருக்கு அவரவர் எபிசு.

எபிசு பணக்காரச் சிரிப்புச் சாமியாக ஆனது பிற்பாடு. கடற்கரையில் அவருக்கு அதைவிட ஆழமான ஒரு முகம் இருக்கிறது. ஜப்பானின் பல மீனவ ஊர்களில் கடல் கரையில் ஒதுக்கிய திமிங்கிலத்தை எபிசு என்பார்கள், வலையில் சிக்கிய விநோதமான கல்லையும் எபிசு என்று வைத்துக் கும்பிடுவார்கள், ஏன், கடலில் மிதந்து வந்த பிணத்தைக்கூட எபிசு என்று சொல்லி மரியாதையாகப் படகில் ஏற்றிக் கரைசேர்த்தால் வலையில் மீன் நன்றாக விழும் என்ற நம்பிக்கை இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து எது வந்தாலும் அதில் சாமி இருக்கலாம் என்ற எண்ணம் அது. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் இதைவிட வேறு எப்படி நினைக்க முடியும்?

நம் வாசகர்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம். ஜப்பானில் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் பென்சாய்தென் நம் சரஸ்வதி, பிஷாமொன்தென் வைஷ்ரவணன் என்கிற குபேரன், தாய்கொகுதென் மகாகாலர், மூவரும் பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவர்கள். அந்த ஏழு பேரில் ஜப்பானிலேயே பிறந்தவர் என்று சொல்லத் தக்கவர் எபிசு ஒருவர்தான். இசுமோ பெருங்கோவில் சாமியான ஓகுனினுஷியின் பெயரில் வரும் எழுத்துகளைத் ‘தாய்கொகு’ என்றும் வாசிக்கலாம் என்பதால், காலப்போக்கில் அவரும் மகாகாலரும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். ஓகுனினுஷியின் மகன்தான் கொதோஷிரோனுஷி. ஆக, கடைகளில் அருகருகே உட்கார்ந்திருக்கும் தாய்கொகு பொம்மையும் எபிசு பொம்மையும் அப்பாவும் மகனும். இசுமோவுக்கு மட்டும் போய்விட்டு மிஹோவுக்குப் போகாவிட்டால் அது பாதி யாத்திரைதான் என்று அந்தப் பக்கம் ஒரு சொல் வழக்கு இருப்பது இதனால்தான். மிஹோத்சுஹிமேயும் ஓகுனினுஷியின் மனைவி என்றே இங்கே வணங்கப்படுகிறார்.

கோவிலின் உயிரே ஒரு கதையில் இருக்கிறது, அது தெரியாமல் போனால் அங்கே நடக்கும் எதுவும் பிடிபடாது. 712-இல் தொகுத்த கொஜிகி, 720-இல் தொகுத்த நிஹோன் ஷோகி என்ற ஜப்பானின் பழைய புராண நூல்கள் இரண்டிலும் வருகிறது. மேலுலகத் தூதன் தகேமிகசுச்சி இசுமோவின் இனாசா கடற்கரையில் இறங்கி, இந்த நாட்டை எங்களுக்குக் கொடுத்துவிடு என்று ஓகுனினுஷியிடம் கேட்கிறார். அவர் உடனே பதில் சொல்லவில்லை. என் மகன் சொல்வான், ஆனால் அவன் மிஹோ முனைக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறான் என்கிறார். அங்கே படகு அனுப்புகிறார்கள். மீன் பிடித்துக்கொண்டிருந்த மகன், சரி, கொடுத்துவிடுங்கள் என்கிறான். அதைச் சொல்லிவிட்டுத் தன் படகைக் காலால் மிதித்துக் கவிழ்த்து, கைகளை வழக்கத்துக்கு மாறான விதத்தில் தட்டி, அந்தப் படகைப் பச்சைக் கிளை வேலியாக மாற்றி அதற்குள் மறைந்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. ஒரு நாடே கைமாறுகிற நேரத்தில், அந்த முடிவைச் சொன்னவன் அரண்மனையில் இல்லை, தூண்டிலோடு கடலில் இருந்தான். சொன்னபிறகு உயிரோடு இருந்தானா, இறந்துபோனானா என்று நூல் சொல்வதில்லை. மறைந்தான் என்று மட்டும் சொல்கிறது. எனக்கு எபிசுவின் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கவிழ்ந்த படகும் கூடவே ஞாபகம் வரும்.

இந்தக் கதையை அந்த ஊர் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்திக் காட்டுகிறது. டிசம்பர் 3-ஆம் தேதி மொரோதபுனே. இதுதான் தூதுப் படகு வந்த நிகழ்ச்சி. பழைய மரத்தோணி அமைப்பில் செய்த இரண்டு படகுகள், ஒவ்வொன்றிலும் ஒன்பது பேர். துறையின் எதிர்க்கரையில் ஒரு குன்று இருக்கிறது, அங்கே ஓகுனினுஷிக்கு ஒரு சின்னக் கோவில். அதன் அடிவாரம் வரை துடுப்புப் போட்டுப் போய் வணங்கிவிட்டு, திரும்பும்போது இரண்டு படகும் போட்டி போட்டுக்கொண்டு பாயும், துடுப்பால் ஒருவர் மேல் ஒருவர் கடல் தண்ணீரை வாரி இறைப்பார்கள். டிசம்பர் மாதத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கரையில் நிற்கிற கிழவிகள் கத்திக் கத்தி உற்சாகப்படுத்துவார்கள். ஏதோ விளையாட்டு மாதிரிதான் தெரியும், ஆனால் படகில் ஏறுவதற்கு முன் அவர்கள் கோவிலில் நின்ற முகத்தைப் பார்த்திருந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள்.

ஏப்ரல் 7-இல் நடப்பது அஓஃபுஷிகாகி, அதாவது பச்சைக் கிளை வேலி. மறைந்துபோன சாமி மறுபடி வருகிற நாள். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த விழாவைப் பூசாரிகள் மட்டும் நடத்துவதில்லை, ஊர்க்காரர்கள் நடத்துகிறார்கள். தோயா என்று சொல்லும் பொறுப்பை ஒவ்வோர் ஆண்டும் ஊரில் இரண்டு குடும்பத் தலைவர்கள் ஏற்கிறார்கள். ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓராண்டு விரதம். தினமும் நடு இரவில் கடலில் இறங்கிக் குளித்து உடம்பைச் சுத்தம் செய்துகொண்டு கோவிலுக்குப் போய்க் கும்பிட வேண்டும், மழையோ பனியோ விலக்கு கிடையாது. கோழிக்கறி, முட்டை தொடக்கூடாது. விழா நெருங்கும்போது சாப்பாட்டையும் நிறுத்தி நோன்பு இருப்பார்கள். விழா நாளில் முகத்துக்கு வெள்ளை பூசி, கனமான உடை போட்டு, கண் மூடிய நிலையில் இரண்டு பக்கமும் ஆட்கள் தாங்கிக் கூட்டி வருவார்கள். நம்மூரில் சாமி வந்தவரைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அந்த நிலை, ஆனால் ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை, உடம்பில் ஆளே இல்லாதது போன்ற ஓர் அமைதி. நான்கு மூலையிலும் பச்சைக் கிளைக் கட்டுகள் நட்டு, திரை கட்டிய படகில் அவர்களை ஏற்றித் துறைக்குள் வலம் வருகிறார்கள். கரை இறங்கிக் கோவிலுக்கு வரும்போது சாமி திரும்பி வந்துவிட்டார் என்று பொருள்.

ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இளைஞர்கள் மாட்சுவேக்கும் ஒசாகாவுக்கும் போய்விடுகிறார்கள். ஓராண்டு முழுக்க நடு ராத்திரிக் கடலில் இறங்க ஒரு குடும்பம் முன்வருவது இந்தக் காலத்தில் சின்ன விஷயமே இல்லை. விழாவுக்குப் போனால் தயவுசெய்து தோயாவின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டாதீர்கள். ஒதுங்கி நின்று பாருங்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் படகு கரை தட்டும்போது கையிரண்டையும் சேர்த்துக் குனிந்தார், நானும் குனிந்தேன். நான் அன்று எடுத்த படங்கள் மொத்தமே மூன்றுதான்.

கோழி விஷயத்தை விட்டுவிட்டேனே. கொதோஷிரோனுஷி ராத்திரியில் நகாவுமி ஏரிக்கு அந்தப் பக்கம் இயா என்ற ஊரிலிருந்த ஒரு பெண் தெய்வத்தைப் பார்க்கப் படகில் போய் வருவாராம், விடியும் முன் திரும்பிவிடுவாராம். ஒருநாள் சேவல் நேரம் தவறிக் கூவிவிட்டது. பதறிக் கிளம்பியவர் துடுப்பை விட்டுவிட்டார், காலையே துடுப்பாகத் தண்ணீரில் விட்டு வந்தபோது ‘வானி’ அந்தக் காலைக் கடித்துவிட்டது. வானி என்றால் இன்றைய ஜப்பானிய மொழியில் முதலை, ஆனால் அந்தக் கரையில் பழைய பேச்சு வழக்கில் சுறா. அதிலிருந்து மிஹோனோசெகியில் கோழி வளர்ப்பதில்லை, முட்டை சாப்பிடுவதில்லை என்று ஆயிற்று. 1890-இல் மாட்சுவேக்கு ஆங்கில ஆசிரியராக வந்த லாஃப்காடியோ ஹெர்ன் இந்த ஊரைப் பற்றி எழுதியபோது முட்டைப் பேச்சிலிருந்துதான் ஆரம்பித்தார். இப்போது ஊர் முழுக்க அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஆனால் விரதம் இருப்பவர்கள் வீட்டில் கண்டிப்பாக உண்டு.

இனி கோவிலுக்குள் போகலாம். துறையிலிருந்து படகுகள் கட்டிய இடத்தைத் தாண்டினால் கல் தோரி. தோரி என்பது அந்த வாயில் வளைவு. அதற்கு முன் நின்று ஒருமுறை தலை குனியுங்கள், உள்ளே பாதையின் நடுவில் நடக்காமல் ஓரமாக நடங்கள், நடுப்பகுதி சாமி போகிற வழி. அடுத்து தண்ணீர்த் தொட்டி. கரண்டியில் ஒருமுறை மொண்டு, முதலில் இடது கை, பிறகு வலது கை, மறுபடி இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளித்து, மிச்சத் தண்ணீர் கரண்டிக் காம்பில் வழியும்படி நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். கரண்டியில் நேராக வாய் வைக்கக் கூடாது. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, முன்மண்டபத்தின் வெளியிலேயே நின்று கும்பிடுவதுதான் வழக்கம், தொப்பியை மட்டும் எடுத்துவிடுங்கள். காணிக்கைப் பெட்டியில் காசு போட்டு, இரண்டு முறை ஆழமாகக் குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கை கூப்பியபடி வேண்டிக்கொண்டு, கடைசியில் ஒருமுறை குனியுங்கள். ஐந்து யென் போடுவது நல்லது என்பார்கள், ‘கோ-என்’ என்ற உச்சரிப்புக்கு நல்ல உறவு என்ற பொருளும் வரும் என்பதால். முந்தைய நாள் இசுமோ பெருங்கோவிலுக்குப் போயிருந்தால் அங்கே நான்கு முறை தட்டியிருப்பீர்கள். இங்கே இரண்டுதான். தவறினாலும் யாரும் முறைக்க மாட்டார்கள், மனசோடு செய்தால் போதும்.

முன்மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். சுவர் இல்லை, உள்கூரை இல்லை, விட்டங்களெல்லாம் அப்படியே தெரியும். படகுக் கொட்டகை அமைப்பில் 1928-இல் கட்டியது. வடிவமைத்தவர் இத்தோ சூத்தா, ஜப்பானின் பெரிய கட்டடக் கலைஞர். இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்து பார்த்து வந்தவர், டோக்கியோவில் இந்தியச் சாயலில் இருக்கிற ட்சுகிஜி ஹொங்கான்ஜி பௌத்தக் கோவிலும் அவருடையதுதான். அதற்குப் பின்னால் இருக்கும் கருவறைக் கட்டடம் 1813-இல் கட்டியது. இதைப் பக்கவாட்டில் போய்ப் பார்த்தால்தான் சிறப்புத் தெரியும். இசுமோ பாணியில் இரண்டு தனிக் கோவில்கள் அருகருகே நின்று, நடுவில் ஒரு இணைப்பு அறையால் ஒட்டியிருக்கும். மிஹோ பாணி என்றே இதற்குப் பெயர். கூரை முழுக்க ஹினோகி என்கிற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் பட்டை. உங்களுக்கு வலப்பக்கம் இருப்பது மிஹோத்சுஹிமே, இடப்பக்கம் எபிசு. கூரை உச்சியில் பெருக்கல் குறி போல நீட்டியிருக்கும் கட்டைகளின் நுனியைக் கவனியுங்கள். அம்மன் பக்கம் நுனி படுக்கையாக வெட்டியிருக்கும், எபிசு பக்கம் செங்குத்தாக வெட்டியிருக்கும். முதல் முறை நான் இதைத் தவறவிட்டேன்.

மண்டபத்துக்குச் சுவர் இல்லாமல் இருப்பதன் காரணம் காலையில் தெரியும். தினமும் காலை எட்டரை மணிக்கும் மாலை மூன்றரை மணிக்கும் சாமிக்குப் படையல் வைக்கிறார்கள். அப்போது மிகோ என்கிற கோவில் பெண் மெதுவாக ஒரு நடனம் ஆடுவார், கூடவே முரசும் குழலும். விசேஷ நாள் என்றில்லை, யாருமே வராவிட்டாலும் தினமும் நடக்கும். நான் தங்கிய மறுநாள் காலை அங்கே நின்றது என்னோடு சேர்த்து நான்கு பேர், அதில் ஒருவர் ரப்பர் பூட்ஸோடு வந்த மீனவர். முரசு ஒரு அடி விழுந்ததும் அந்தச் சத்தம் விட்டங்களில் மோதி, பின்னால் இருக்கிற மலையில் மோதி, துறைப் பக்கம் போகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்குமேல் ஆகாது. அரை நாள் பயணமாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதால்தான் ராத்தங்குங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். சடங்கு நடக்கும்போது படம் எடுக்காதீர்கள், குறுக்கே நடக்காதீர்கள்.

இந்தச் சாமிகளுக்குப் பாட்டும் கூத்தும் ரொம்ப இஷ்டம் என்ற நம்பிக்கையால், நாடு முழுவதிலிருந்தும் வாத்தியங்களை நேர்ந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் சேர்ந்த 846 வாத்தியங்களை அரசு முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறது. முரசு, குழல், ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம் மட்டுமில்லை, ஜப்பானில் மிகப் பழையவை என்று சொல்லப்படும் அக்கார்டியனும் சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டியும் அதில் உண்டு. கப்பல்கள் வந்து போகும் துறைக்கு என்னவெல்லாம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? இன்னொரு விஷயம், கோவிலில் ஃபுகுதானெசென் என்று ஒரு சின்ன உறை கொடுப்பார்கள், உள்ளே பத்து யென் காசு இருக்கும். அதைப் பத்திரப்படுத்தி வைக்கக் கூடாது. மற்றக் காசுகளோடு சேர்த்துச் செலவு செய்துவிட வேண்டும், விதை மாதிரி அது ஊர் சுற்றிப் பெருகித் திரும்பி வரும் என்பது நம்பிக்கை. வியாபாரம் செய்கிற நண்பர்களுக்கு வாங்கிப் போக இதுதான் பொருத்தம். படகு வைத்திருப்பவர்கள் கடல் கொந்தளிப்பு அடங்க என்று ஒரு தனிக் காகிதக் காப்பு வாங்கிப் போகிறார்கள்.

கோவிலை விட்டு வெளியே வந்ததும் நீலக்கல் தெரு. கோவிலுக்கும் புக்கொகுஜி என்ற பௌத்தக் கோவிலுக்கும் நடுவில் 250 மீட்டர் அளவுக்கு எடோ காலத்தில் (1603–1868) பாவிய கல் பாதை. ஒசாகாவிலிருந்து ஹொக்காய்தோ வரை இந்தக் கடல் வழியாகப் போய்வந்த கிதாமாயெபுனே சரக்குக் கப்பல்கள் இங்கே நின்றபோது மூட்டைகளை இழுக்கப் போட்டது. மழையில் நனைந்தால் கல் நீலம் பாரிக்கும். அந்தக் கரையில் மழைக்குப் பஞ்சமே இல்லை, சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்தப் பக்கத்துப் பழமொழியே இருக்கிறது. இருபுறமும் பழைய விடுதிகள், சோயா சாஸ் கடை. ஓகி தீவுக்கு நாடு கடத்தப்பட்ட பேரரசர்கள் கோதோபாவும் (1221) கோதாய்கோவும் (1332) காற்றுக்குக் காத்திருந்தபோது புக்கொகுஜியில் தங்கியதாக ஊர் சொல்கிறது.

நேரம் இருந்தால், இல்லாவிட்டாலும் நேரம் உண்டாக்கிக்கொண்டு, முனையில் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். 1898-இல் கல்லால் கட்டியது, இன்றும் எரிகிறது. ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவு மேடு.

சாப்பாடு. கோவில் முன்னாலேயே கணவாயைச் சோயா தடவிச் சுடுகிற வாசனை இழுக்கும், வாங்கிச் சாப்பிடுங்கள், கோடையில் கிடைக்கும் வெள்ளைக் கணவாய் ரொம்ப மென்மையாக இருக்கும். நவம்பர் 6-ஆம் தேதி தொடங்கி மார்ச் வரை பனி நண்டுக் காலம், எதிர்க்கரை சகாய்மினாதோ பெரிய மீன்பிடித் துறைமுகம் என்பதால் அங்கே ஏலத்துக்கு வரும் நண்டைப் பார்க்கவே ஒரு நாள் போகும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, மீன் தெரியாத சூப்பிலும் காய்கறிப் பொரியலிலும்கூட தாஷி என்ற மீன் சாறு கலந்திருக்கும். விடுதியில் பதிவு செய்யும்போதே தாஷியும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள், போய் இறங்கிச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது, சங்கடப்படுவார்கள்.

போகும் வழி. டோக்கியோவிலிருந்து ராத்திரிப் படுக்கை ரயில் சன்ரைஸ் இசுமோ மாட்சுவே வழியாகப் போகும், அல்லது புல்லட் ரயிலில் ஒகயாமா வந்து அங்கிருந்து யாகுமோ ரயிலில் இரண்டரை மணி நேரம். மாட்சுவேயிலிருந்து மிஹோனோசெகிக்கு ஒரு பஸ், பிறகு இறங்கி ஊர் மினி பஸ், நாளைக்குச் சில தடவைதான் ஓடும், அதனால் திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நகரமான யோனாகோ பக்கமிருந்து வந்தால் பேய்ப் படம் வரைந்த ரயிலில் சகாய்மினாதோ வந்து (காமிக்ஸ் ஓவியர் மிசுகி ஷிகெரு வளர்ந்த ஊர், தெரு முழுக்க அவர் வரைந்த பேய்களின் வெண்கலச் சிலைகள்), கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி டாக்சியில் கால் மணி நேரம் சொச்சம். கார் ஓட்டத் தெரிந்தால் அதுவே சுலபம்.

என் திட்டம் இப்படி இருக்கும். முதல் நாள் இசுமோ பெருங்கோவில், இனாசா கடற்கரை. இரண்டாம் நாள் மதியத்துக்குள் மிஹோனோசெகி, மூன்றரை மணிப் படையல், நீலக்கல் தெரு, இரவு தங்கல். மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு மறுபடி கோவில். அப்புறம் கலங்கரை விளக்கம். அங்கே விளக்கத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து ஒரு தோரி தனியாக நிற்கிறது, பின்னால் கோவில் எதுவும் இல்லை. அதற்குள்ளே பார்த்தால் தூரத்தில் ஒரு சின்னப் பாறைத் தீவு தெரியும், ஒகினோகோசென். கொதோஷிரோனுஷி மீன் பிடித்த இடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மே 5-ஆம் தேதி இரவு கோவில் படகு அந்தத் தீவு வரை போய்ச் சாமியை அழைத்து வரும். மற்ற நாட்களில் அந்தத் தோரியில் நின்று குனிந்து, இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டால் போதும்.